சுற்றுலா ரயிலுக்கு நீராவி எஞ்சின்: பழசை மீட்பதா, ஓடுவதை வாங்குவதா, புதிதாகச் செய்வதா?

சுற்றுலா ரயிலுக்கு எஞ்சின் தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்பது, ஏதாவது பூங்காவில் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருக்கும் பழைய எஞ்சின் முன்னால்தான். கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் பாய்லரைத் திறந்து பார்க்காமல் விலையே பேசாதீர்கள். வருஷக்கணக்கில் மழையில் நின்றதில் தகடு எவ்வளவு அரித்திருக்கிறது என்று அல்ட்ராசோனிக் கருவியால் அங்குலம் அங்குலமாக அளக்க வேண்டும், தீ எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸைத் தாங்கும் ஸ்டே போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும், பாய்லருக்குள் சூடான புகை போகும் டியூப்கள் அத்தனையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும் என்றே கணக்குப் போடுங்கள். பித்தளைச் சாமான்கள் பல எப்போதோ காணாமல் போயிருக்கும். பாய்லரைச் சுற்றி, மூச்சில் போனால் ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ் நார் இருந்தால் அதை எடுக்கவே தனிச் செலவு.

இவ்வளவையும் தாண்டி உயிர் பெற்றவை நிறைய உண்டு. வேல்ஸில் பாரி ஊரின் பழைய இரும்பு யார்டிலிருந்து மட்டும் 213 எஞ்சின்கள் மீட்கப்பட்டன. அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி 2013-ல் அருங்காட்சியகத்திலிருந்து திரும்பப் பெற்ற பிக் பாய் 4014 என்ற ராட்சத எஞ்சின், 2019-ல் மறுபடி ஓடியது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே ஆறு வருஷம்!

ஓடும் நிலையில் இருப்பதை வாங்குவது வேறு கணக்கு. வேல்ஸின் வேல்ஷ் ஹைலேண்ட் ரயில்வே 1997-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து காரட் (Garratt) வகை எஞ்சின்களைக் கொண்டுவந்தது; இரண்டு இடத்திலும் கேஜ், அதாவது தண்டவாளங்களின் இடைவெளி, ஏறக்குறைய 2 அடி. ஒரே வகையில் இரண்டு மூன்று இருந்தால் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்கு உதவும். கேஜ், அச்சுப் பளு (ஒரு சக்கர அச்சு பாதைமேல் ஏற்றும் எடை), வளைவு மூன்றும் உங்கள் பாதைக்குப் பொருந்தாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பாய்லர் சான்றிதழில் எத்தனை காலம் மிச்சம் என்றும் கேளுங்கள். பிரிட்டனில் பொதுவாக 10 வருஷத்துக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துச் சோதிக்கிறார்கள், அமெரிக்காவில் எஞ்சின் வேலை செய்த 1,472 நாள் அல்லது 15 வருஷம், எது முந்துகிறதோ அது. சான்றிதழ் முடியப்போகிற எஞ்சினுக்கு ஓடும் எஞ்சினின் விலையைக் கொடுக்காதீர்கள்.

புதிதாகச் செய்வது என்றால் எல்லோரும் பிரிட்டனின் டொர்னாடோ எஞ்சினைச் சொல்வார்கள். A1 என்ற அந்த வகையில் முன்பு செய்த 49 எஞ்சின்களும் உடைக்கப்பட்டுவிட்டதால் 1990-ல் ஆரம்பித்து, பாய்லரை ஜெர்மனியின் மைனிங்கன் பட்டறையில் செய்து வாங்கி, 2008-ல் ஓட்டினார்கள். பிரமாதமான வேலை, ஆனால் 18 வருஷம் காத்திருக்க யாரால் முடியும்? எனக்கு அதைவிட சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் ரோட்ஹார்ன் மலை ரயில் செய்ததுதான் பிடித்திருக்கிறது. 1990-களில் புதிய நீராவி எஞ்சின்களையே செய்யச் சொல்லி வாங்கினார்கள்: எண்ணெயில் எரியும், ஒரே ஆள் ஓட்டலாம். தினமும் பல நடை ஓடும் பாதைக்கு இது பெரிய மிச்சம். நிலக்கரி வாசனைக்காகவே வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

வாடகைக்கு எடுப்பது ஒரு சீசனுக்கு நல்ல வழி. பழுது யார் பொறுப்பு என்பதை மட்டும் எழுதி வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், முதல் எஞ்சினாகப் பழசை எடுக்காதீர்கள். ஓடுகிற சின்ன எஞ்சின் ஒன்றோடு ரயிலை ஆரம்பியுங்கள். பூங்கா எஞ்சினை இரண்டாவதாகக் கொண்டுவந்து ஷெட்டில் பிரித்துப் பழுது பாருங்கள். தகடுகளை இணைக்க ரிவெட் அடிக்கவும், டியூப் முனையை விரித்து இறுக்கவும் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன, நாலு இளைஞர்கள் அதன்மேல் தொழில் பழகட்டும்.