ராஜபாளையம் குட்டி வாங்கிய பண்ணை: 5-க்கு 3 ஸ்டார்

பெயர் போடவில்லை, ஊருக்குச் சற்று வெளியே இருக்கும் ஒரு பண்ணை. இடம் சுத்தம், கூண்டில் நாற்றமில்லை, தாய் நாயை மறைக்காமல் காட்டினார்கள், பூச்சி மருந்து கொடுத்த தேதிகூட நோட்டில் இருந்தது. இதற்கெல்லாம் தாராளமாக மூன்று ஸ்டார்.

மிச்ச இரண்டு போனது குட்டி பார்க்கும்போது. ஆறு குட்டி, எல்லாம் பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. ஒன்றுக்கு மட்டும் பூனைக்கண், நல்ல நீலம். "இது அபூர்வம் சார், மூவாயிரம் கூட ஆகும்" என்றார் பண்ணைக்காரர். அழகுதான். ஆனால் நிறம் தரும் செல்கள் உள்காதுக்கும் வேண்டும். அங்கே அவை போய்ச் சேராவிட்டால் சத்தத்தை உணரும் செல்கள் பிறந்த சில வாரத்திலேயே செத்துவிடும், அப்புறம் முளைக்காது. எல்லா வெள்ளை நாயும் செவிடு என்றில்லை, ஆனால் கண்ணும் நீலமென்றால் சந்தேகம் கூடும். அமெரிக்க டால்மேஷியன்களில் (வெள்ளை உடம்பில் புள்ளி போட்ட நாய் இனம்) சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்காது என்று கணக்கே இருக்கிறது.

ஆறையும் சேர்த்து வைத்துக் கைதட்டினால் செவிட்டுக் குட்டி மாட்டாது, மற்றதைப் பார்த்து அதுவும் திரும்பிவிடும். அதனால் பூனைக்கண்ணைத் தனியாகத் திண்ணையில் விட்டு, முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கினேன். அது பாட்டுக்கு என் செருப்பை மோந்துகொண்டிருந்தது. மூன்று தடவை. "வளர வளரக் கேட்கும் சார்" என்றார். கேட்காது. பேயர் டெஸ்ட் எடுத்தீர்களா என்றால், அப்படியொன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை (தலையில் மின்முனை வைத்து ஒவ்வொரு காதாகப் பார்ப்பது, ஒற்றைக்காது செவிட்டை அதில்தான் பிடிக்க முடியும், சாவிக்கொத்தில் முடியாது). 2005-ல் தபால்தலையில் வந்த நாய், அதற்கு இந்த மரியாதை!

நான் கருங்கண் குட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்குள் பூனைக்கண்ணுக்கு யாரோ அட்வான்ஸ் போட்டுவிட்டார்கள். தோட்டக் காவலுக்காம். நாளைக்கு அதையே இணை சேர்க்கவும் விடுவார்கள், ரோஸ் மூக்குக்கு விலை கிடைக்கும்வரை.

என் குட்டி குக்கர் முதல் விசிலுக்கே கட்டிலுக்கடியில் ஓடுகிறது. ஒரு காதாவது நிச்சயம் கேட்கிறது.