மெழுகு பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள்: நெல்லைப் பயணத்தில் தெரிந்துகொண்டது

எங்கள் பக்கம் புற்றுநோய் என்று பேச்சு வந்தால் சொந்தக்காரர்கள் முதலில் சொல்வது, "திருவனந்தபுரம் ஆர்சிசிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்பதுதான். அது அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையம். கொஞ்சம் வசதி இருந்தால் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இந்தத் தடவை சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த விடுமுறை முழுக்க மதினியின் மார்பகக் கட்டி விஷயமாகப் பாளையங்கோட்டையில்தான் கழிந்தது. வைத்தியத்துக்காக அவரை வெளியூர் கொண்டுபோக வேண்டி வரவில்லை. அவரிடமிருந்து எடுத்த துளி சதை மட்டும், மெழுகில் பதித்த பிளாக்காக, சென்னை போய் வந்தது. அதை அனுப்புவதற்குள் பட்ட பாட்டைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் அம்பாசமுத்திரம் போய்ச் சேர்வதற்குள் மேமோகிராம், ஸ்கேன், ஊசி வழியாக எடுத்த பயாப்சி எல்லாம் முடிந்திருந்தன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. செவிலியர்கள் மதினியை "அக்கா, அக்கா" என்று பக்குவமாகப் பார்த்துக்கொண்டார்கள். ரிப்போர்ட்டில்தான் சிக்கல். புற்றுநோய், தரம் 3, ஹெர்2 '2+' என்று போட்டிருந்தது. ஹெர்2 என்பது செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம். "ரெண்டு பிளஸ்னு இருக்கு தம்பி. நல்லதா கெட்டதான்னு ஒருத்தரும் சொல்லல" என்றார் அண்ணன்.

2+ என்றால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். 0, 1+ வந்தால் ஹெர்2 நெகட்டிவ். 3+ வந்தால் பாசிட்டிவ், அதாவது அந்தப் புரதம் அளவுக்கு மீறி இருக்கிறது. 2+ வந்தால் செல்லுக்குள் இருக்கும் ஹெர்2 மரபணுவையே எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் ஃபிஷ் பரிசோதனை. ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் அது இருந்தது. வீட்டு ஆட்களிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு ஆறாத வருத்தம் அதில்தான். அந்த எண்ணிக்கை தெரியாமல் எந்த மருந்து என்று முடிவு செய்யவே முடியாது.

ஃபிஷ் செய்ய மெழுகு பிளாக் வேண்டும். எடுத்த சதையைப் பாரஃபின் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதுதான் பிளாக். கேட்டால் கவுன்டர் கவுன்டராக அனுப்பினார்கள். "பிளாக்கெல்லாம் வெளிய குடுக்கிற வழக்கம் கிடையாது சார்" என்றார் ஒருவர். மருத்துவரிடம் கடிதம் வாங்கி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் கொடுத்தார்கள். ஆய்வகம் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது சரி, புரிகிறது. ஆனால் கொடுக்கவே மாட்டோம் என்றால் நோயாளிக்கு மறுபடியும் ஊசி குத்த வேண்டும். அது என்ன நியாயம்? கைக்கு வந்தது தபால் தலையை விடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் சட்டம். அதன்மேல் மெழுகு, மெழுகுக்குள் நூல் இழை போல வெளுத்த சதைத் துண்டுகள். விளிம்பில் பென்சிலால் ஒரு எண்.

அனுப்புவதற்கு முன் ஹைகிரவுண்டு பக்கம் ஒரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் ஸ்லைடைக் காட்டினோம். அந்த அம்மா என்னையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். ஓரத்தில் இருந்த இயல்பான செல்களின் உட்கரு சின்னதாக, ஒரே அளவில் இருந்தது. நடுவில் இருந்தவை பெரிதும் சிறிதுமாக, கருநீலத்தில் திட்டுத் திட்டாக இருந்தன. உள்ளே டிஎன்ஏ கூடுதலாக இருப்பதாலும் அப்படி இருண்டு தெரியும் என்றார்.

அந்தக் கூடுதலை அளக்க முடியுமா என்று கேட்டேன். முடியுமாம். செல்களுக்கு ஒளிரும் சாயமேற்றி, லேசர் கதிருக்கு முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டால், எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவு டிஎன்ஏ. 46 குரோமோசோம் உள்ள இயல்பான செல்லை 1 என்று வைத்துக்கொண்டு ஒப்பிடும் எண்தான் டிஎன்ஏ குறியீடு. பழைய மெழுகு பிளாக்கிலிருந்தே செல்களைப் பிரித்து இதை அளக்கும் வழியை 1983-இல் ஹெட்லி குழுவினர் வெளியிட்டார்கள். அதன்பின் கட்டி எவ்வளவு கொடியது என்று இந்த எண் சொல்லிவிடும் என்று பல காலம் எதிர்பார்த்தார்கள். மார்பகப் புற்றில் அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. சிகிச்சையை முடிவுசெய்ய அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ 2007-இல் சொல்லிவிட்டது. ஆனால் குழந்தைகளின் ரத்தப் புற்றில் இன்றைக்கும் பார்க்கிறார்கள். அங்கே குறியீடு 1.16-க்கு மேல் போனால் நல்ல அறிகுறி! டிஎன்ஏ கூடினாலே மோசம் என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

மதினிக்குத் தேவைப்பட்டது மொத்த டிஎன்ஏ அளவு இல்லை, ஒரே ஒரு மரபணுவின் எண்ணிக்கை. ஃபிஷ்ஷில் ஹெர்2 மரபணுவும், அது இருக்கும் 17-ஆம் குரோமோசோமும் ஒளிரும் புள்ளிகளாகத் தெரியும்; குறைந்தது 20 செல்களில் இரண்டையும் எண்ணி விகிதம் போடுகிறார்கள். விகிதம் 2 அல்லது அதற்கு மேல் இருந்து, செல்லுக்குச் சராசரி 4 ஹெர்2 புள்ளியாவது இருந்தால் பாசிட்டிவ். மதினிக்குப் பாசிட்டிவ் என்றே வந்தது. செலவு 10,000 ரூபாயைத் தாண்டியது. எக்கோ எடுத்து இதயம் சரியாக இருக்கிறது என்று பார்த்தபின், கீமோவுடன், ஹெர்2-ஐக் குறிவைத்துத் தடுக்கும் ட்ராஸ்டுசுமாப் ஊசியும் பாளையங்கோட்டையிலேயே தொடங்கியது. நம் நாட்டிலேயே அந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் விட்டிருந்தால் இந்த ஊசி இல்லாமலே கீமோ ஓடியிருக்கும்.

ஊரில் யாருக்காவது பயாப்சி என்றால், வெளிநாட்டிலிருந்து போனில் பேசும்போதே இதைக் கேட்கச் சொல்லுங்கள்: சதையை எடுத்த உடனே, அது கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டார்களா? அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஹெர்2 முடிவையே நம்ப முடியாமல் போகலாம். பிளாக் கைக்கு வந்ததும் அதிலுள்ள எண்ணும் ரிப்போர்ட் எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று பாருங்கள். அப்புறம், அதை நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடாதீர்கள். 60 டிகிரிக்குள்ளேயே அந்த மெழுகு உருகிவிடும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் மூடிய காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டைத் தாராளமாக எட்டும்.