பதினொரு வருட வாசிப்பும் ஒரு பென் ட்றைவும்

ஏஓ3 என்று சுருக்கிச் சொல்லும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்தில் 2014 இல் கணக்குத் திறந்தேன். உடனே திறக்க ஏலாது. மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும், அழைப்பு வந்த பிறகுதான் கணக்கு. கொக்குவிலில் ஏ.எல். ரியூசன் முடிந்து வீட்டுக்கு வந்து, ரீலோட் போட்ட போனில் இரவு இரவாக வாசித்த காலம் அது. ரசிகர் புனைவு தெரியாதவர்களுக்கு: பிடித்த கதையின் பாத்திரங்களை எடுத்து, ரசிகர்களே காசு வாங்காமல் மேலே எழுதிக்கொண்டு போவது. எனக்குப் பிடித்தவை பெரும்பாலும் கொரியத் தொடர்களை ஒட்டியவை. சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

பாவித்துப் பார்த்ததில், வாசகருக்கு இதைவிட நல்ல தளம் நான் காணவில்லை. விளம்பரம் கிடையாது, நன்கொடையிலும் தன்னார்வலர்களின் உழைப்பிலும் ஓடுகிறது. பக்கம் முழுக்க எழுத்து என்பதால் இழுத்து இழுத்து வரும் இணைப்பிலும் திறக்கும். செயலி இல்லை, பிரௌசர்தான். மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது, உள்ளே கதைகள்தான் குறைவு. தேடலை வடிகட்டும் வசதிக்கு மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், விடுவோம்.

நான் எழுத வந்தது டவுன்லோட் பொத்தானைப் பற்றி. ஒவ்வொரு கதைக்கு மேலும் அது இருக்கும். ஈபப் என்ற மின்னூல், பிடிஎஃப், எச்டிஎம்எல் என்று வேண்டிய வடிவில் இறக்கலாம். 1998 இல் தொடங்கிய ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட்டில் அந்தப் பொத்தான் இல்லை, எழுத்தைத் தேர்ந்தெடுத்துப் பிரதி எடுக்கவும் விடாது. ஏஓ3 அப்படி இருப்பதற்குக் காரணம் உண்டு. 2007 மே மாதம் வலைப்பதிவுத் தளமான லைவ்ஜேர்னல் நிறுவனம் நூற்றுக்கணக்கான பதிவுகளை ஒரே அடியாக முடக்கியது, அதில் ரசிகர் எழுத்துகளும் அகப்பட்டன. இனி இடமும் சேர்வரும் எங்களுடையதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த வருடத்தில்தான் உருப்பெற்றது. தளம் பொதுமக்களுக்குத் திறந்தது 2009 நவம்பரில்.

முதல் சில வருடங்கள் நான் எதையும் இறக்கவில்லை. எங்கே போகப்போகிறது என்ற நினைப்பு.

2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள் வந்தன. ஏப்ரல் 3 அன்று முகநூலும் வட்ஸ்அப்பும் நாடு முழுக்க நிறுத்தப்பட்டன. கதைத் தளங்களுக்கு அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் சீனாவில் ஏஓ3 2020 பெப்ரவரி கடைசியில் இருந்து திறப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அன்று இரவே புக்மார்க்கில் இருந்தவற்றை இறக்கத் தொடங்கினேன். அடுத்த வருடம் ஜூலையில், சேர்வருக்குப் போலிக் கோரிக்கைகளைக் குவித்து யாரோ ஏஓ3 யை ஒரு நாளுக்கு மேல் முடக்கினார்கள். நான் இறக்கி வைத்ததை வாசித்துக்கொண்டு இருந்தேன். சித்தப்பாவின் மகளுக்கு என் பதற்றம் விளங்கவே இல்லை. "அக்கா, அது போனால் இன்னொண்டை வாசிக்கலாம்தானே?" என்றாள்.

எங்கள் அம்மம்மாவிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வெட்டி, அடுக்கி, ஊசி நூலால் தைத்து பைண்ட் செய்து வைத்திருந்தாராம். 1995 ஒக்டோபர் 30 அன்று சாவகச்சேரிப் பக்கம் இடம்பெயர்ந்து நடந்து போனபோது அவற்றை யார் தூக்குவது? திரும்பி வந்தபோது அலுமாரி இருந்தது. ஒரு தொடரின் முடிவை அவர் கடைசி வரைக்கும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரித்தான் சொல்வார். (யாழ்ப்பாணத்தில் இருந்து காப்பகம் பற்றி எழுதிவிட்டு 1981 ஐயும் யாழ் நூலகத்தில் எரிந்த 97,000 நூல்களையும் தொடாமல் போக முடியாது. தொட்டுவிட்டேன், மேலே போவோம்.)

என் சொந்தக் கதைகளை நான் இழந்தது இன்னும் மொக்கையாக. தமிழில் எழுதிய நான்கு கதைகளை ஒரு சிறிய செயலியில் போட்டிருந்தேன், பெயர் வேண்டாம். மூடப்போகிறோம் என்ற அறிவித்தல் நான் பார்ப்பதை நிறுத்திவிட்ட பழைய மின்னஞ்சலுக்கு வந்து கிடந்தது. கண்டபோது தளமே இல்லை. அதற்கும் முன்பு பள்ளிக்காலத்தில் தட்டியவை ஒரு பென் ட்றைவில் அகப்பட்டன. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக இருந்தது. பாமினி எழுத்துருவில் அடித்தது! எழுத்துரு இல்லாத கணினியில் 'நான்' என்ற சொல்கூடத் தெரியாது. யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருப்பதால் தப்பியது. கோப்பு இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இதையும் யோசியுங்கள். எனக்கு ஈபப் பிடிப்பதும் இதனால்தான். பிடிஎஃப்பில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் பல வேளை கொம்பும் அரவும் தனித்தனியாகக் கழன்று நிற்கும்.

இப்போதைய பெரிய தலையிடி பூட்டிய கதைகள். 2025 இல் ஏஓ3 இல் பொதுவில் இருந்த 1 கோடியே 26 இலட்சம் படைப்புகளை ஒருவர் உறிஞ்சி, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கான தரவாக வேறொரு தளத்தில் ஏற்றினார். முறைப்பாட்டுக்குப் பிறகு அகற்றினார்கள். அதற்கு முன்பே பலர் பயந்து, கணக்கு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி கதைகளைப் பூட்டத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கும் வேபேக் மெஷின் பூட்டிய பக்கத்தை எடுக்காது. எழுத்தாளர் ஒருநாள் அழித்தால், வாசகர் யாராவது இறக்கி வைத்திருந்தால்தான் உண்டு. வேபேக்கை நடத்தும் இன்டர்நெட் ஆர்க்கைவே 2024 ஒக்டோபரில் தாக்கப்பட்டு நாட்கணக்கில் படுத்துக்கிடந்தது.

எழுத்தாளர் அழிப்பது எனக்கு நடந்தது ஒரு 41 அத்தியாயக் கதையில். பூட்டிய கதை. நான் இறக்கியபோது இருந்தது 35. ஈபப்பின் முன்பக்கத்தில் குறிச்சொற்களோடு 35/41 என்று இன்னும் நிற்கிறது. மிச்சம் ஆறையும் தளத்திலேயே வாசித்தேன், மறுபடி இறக்க மறந்துவிட்டேன். ஒருநாள் கதை இல்லை. பெயரை மட்டும் கழற்றிவிட்டு கதையை அநாதைக் கணக்கில் விட்டுப்போகும் வசதி ஏஓ3 இல் இருக்கிறது. அவர் அதைச் செய்யவில்லை, முழுதாக அழித்தார். வேலையிடத்தில் யாரோ கண்டுபிடித்துவிட்டதாக, அழிப்பதற்குச் சில நாள் முன்பு என் கருத்து ஒன்றுக்குப் பதிலாக எழுதியிருந்தார். இறக்கும் கோப்பில் கருத்துகள் வராது. அவருடைய பதில்கள் அறிவித்தல்களாக வந்ததால் என் மின்னஞ்சலில் தப்பிக் கிடக்கின்றன.

இப்போது எது இறக்கினாலும் முடிந்த பிறகு இன்னொரு முறை இறக்குகிறேன். ஒரு பிரதி போனில், ஒன்று பென் ட்றைவில், ஒன்று ஸ்காபரோவில் இருக்கும் மச்சாளின் கணினியில். அவள் ஒன்றையும் வாசிப்பதில்லை, இடம் மட்டும் தருகிறாள்.

போன வருடம் ஒருவர், அந்தக் கதை இருக்கிறதா என்று கேட்டு எழுதினார். வேறொரு கதைக்கு நான் போட்ட கருத்தைப் பார்த்துத் தேடி வந்திருக்கிறார். இரண்டு நாள் யோசித்தேன். ஒருவருக்குக் கொடுத்தால் நாளை அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். இருக்கிறது, தர ஏலாது, எழுதியவரே வேண்டாம் என்று எடுத்தது என்று பதில் போட்டேன். காப்பாற்றி வைத்து யாருக்கு லாபம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான், பதில் எழுதவில்லை. போன கிழமையும் கோப்பைத் திறந்து 35 ஆம் அத்தியாயம் வரை வாசித்தேன். மிச்சத்தை மச்சாளுக்குப் போனில் சொன்னேன், 38 இல் நடப்பதையும் 39 இல் நடப்பதையும் மாறிச் சொல்லிவிட்டேன் போல.