உருகுகிறதா, சிதைகிறதா: கேப்பிலரியா, டிஎஸ்சியா?

ஒரு பொருளின் உருகுநிலையைக் கேப்பிலரி என்ற மெல்லிய கண்ணாடிக் குழாயில் கண்ணால் பார்த்துக் குறிப்பதா, சூடேற்றும்போது பொருள் வாங்கும், விடும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி கருவியில் எடுப்பதா? பாராசிட்டமால் மாதிரி ஒழுங்காக உருகும் பொருளுக்கு இந்த விவாதமே வேண்டாம். உலர்ந்த பொடியைக் கேப்பிலரியில் 2–3 மி.மீ. உயரத்துக்குத் தட்டி இறக்கி, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் ஏற்றினால் 169 டிகிரி செல்சியஸ் பக்கம் தெளிவாக உருகிவிடும். செலவும் குறைவு.

தகராறு வைட்டமின் சி போன்றவற்றில்தான். அஸ்கார்பிக் அமிலம் 190 டிகிரி சுமாருக்கு உருகும்போதே சிதையவும் செய்யும். கேப்பிலரிக்குள் பொடி பழுப்பேறும், நுரைக்கும். எந்தக் கணத்தை உருகுநிலை என்று குறிப்பது? இரண்டு பேர் பார்த்தால் இரண்டு விடை. இங்கே என் ஓட்டு, சூடேற்றும்போது எடை மாறுவதை அளக்கும் டிஜிஏ, அதோடு டிஎஸ்சி என்ற ஜோடிக்குத்தான்.

முதலில் டிஜிஏ. 5–10 மி.கி. மாதிரி, அலுமினா கிண்ணம், நிமிடத்துக்கு 50 மி.லி. நைட்ரஜன், 10 டிகிரி வேகம். எடை எங்கே இறங்கத் தொடங்குகிறது என்று தெரிந்தால், டிஎஸ்சியை எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்துவிடும். பிறகு 2–3 மி.கி. மாதிரியை அலுமினியப் பானில் வைத்து டிஎஸ்சி. மூடியை முழுக்க அடைத்தால் உள்ளே வாயு சேர்ந்து பான் உப்பும், அடிப்பாகம் சென்சாரை விட்டுக் கிளம்பும், வரைபடத்தின் அடிக்கோடு (பேஸ்லைன்) குதிக்கும். ஊசித்துளை போட்ட மூடி போதும். ஆனால் அந்தத் துளை வழியே வரும் ஆவி கருவியின் அளவீட்டு அறையில் படியும் என்பதால், வரைபடத்தில் உருகலைக் காட்டும் முகடு (பீக்) முடிந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது சூடேற்றும் வேகம். அதே மாதிரியை நிமிடத்துக்கு 2, 5, 10, 20 டிகிரி என நான்கு வேகத்தில் ஓட்டுங்கள். வேகம் கூடினால் கருவியின் பின்னடைவும் கூடும், ஆகவே ஒவ்வொரு வேகத்துக்கும் இண்டியம் உலோகத்தை வைத்து (உருகுநிலை 156.6 டிகிரி) தனித்தனியே அளவுதிருத்தம் செய்திருக்க வேண்டும். பார்க்க வேண்டியது ஆன்செட்டை, அதாவது பீக் தொடங்கும் வெப்பநிலையை. பீக் உச்சி எப்படியும் நகரும். சுத்தமான உருகலில் ஆன்செட் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். சிதைவு கலந்திருந்தால் வேகத்தோடு சேர்ந்து மேலே ஏறும். மெதுவாகச் சூடேற்றினால் சிதைய நேரம் அதிகம். சிதைந்ததே அசுத்தமாகி, மிச்சப் பொருளின் உருகுநிலையைக் கீழே இழுக்கிறது. அதனால் ‘உருகுநிலை 190’ என்று மட்டும் எழுதினால் அறிக்கை அரைகுறை. ‘சிதைவுடன்’ என்றும், எந்த வேகத்தில் எடுத்தது என்றும் சேர்க்க வேண்டும்.

இந்த ஜோடிக்கும் எல்லை உண்டு. உருகலும் சிதைவும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது பீக்கின் பரப்பை உருகல் வெப்பமாக எடுத்துக்கொள்ள முடியாது. வேகத்தைக் கூட்டினால் இரண்டும் ஓரளவு பிரியலாம். ஆனால் வெப்பநிலைத் துல்லியம் அடிபடும். எடையையும் வெப்பத்தையும் ஒரே ஓட்டத்தில் தரும் கூட்டுக் கருவி வசதிதான். ஆனால் சிறிய பீக்குகளுக்குத் தனி டிஎஸ்சியே மேல். சூட்டில் வெடிக்கக்கூடிய அசைடு, பெர்குளோரேட் வகையறாவை மட்டும் வெடிப்பாபத்து பார்க்காமல் எதிலும் ஏற்ற வேண்டாம்.

கேப்பிலரியைத் தூக்கி எறியவும் வேண்டாம். பழுப்பேறுவதை டிஎஸ்சி காட்டாது. அஸ்கார்பிக் அமிலத்துக்கு அடுப்பு 180 டிகிரியைத் தொட்ட பிறகே குழாயைச் செருகுங்கள். அறை வெப்பநிலையிலிருந்து மெல்ல ஏற்றினால் வழியிலேயே கருகத் தொடங்கிவிடும்.