களியக்காவிளை பக்கம் க்ளவுன் ஜோடி வாங்கின கடை – ரிவ்யூ

ரெண்டு க்ளவுன் மீன (ஆரஞ்சு உடம்புல வெள்ளைப் பட்டை போட்ட சின்ன கடல் மீன்) ஒரே கவர்ல போட்டு கட்டிக் கொடுத்தா அது ஜோடி ஆயிடாது. இந்த விஷயத்த ஒழுங்கா புரிஞ்சு வச்சு யாவாரம் பண்ற கடைய நம்ம பக்கத்துல இப்பதான் பாக்கேன், அதான் எழுதுறேன். களியக்காவிளையில இருந்து பாறசாலை போற ரோட்டுல ஒரு மரக்கடைய ஒட்டி உள்ள போற சந்து, போர்டு ஒண்ணும் பெருசா கிடையாது, ஷட்டர்ல மீன் படம் வரைஞ்சிருக்கும். உள்ள போனா முழுக்க உப்புத்தண்ணி மீன் மட்டும்தான். கோல்டு ஃபிஷ், கப்பி கேட்டு வர்றவங்கள பக்கத்து கடைக்கு அனுப்பிருவாரு.

இதுக்கு முன்னாடி வேற ஒரு டவுன்ல, பேரு வேண்டாம், ஒரு கடையில "நல்ல ஜோடி"ன்னு சொல்லி ஒரே சைஸ்ல ரெண்டு பெரிய ஓசலாரிஸ் (க்ளவுன்ல ஒரு வகை) கொடுத்தாங்க. ஒரு வாரம் கூட தாங்கல. ஒண்ணு மேல மூலையில ஹீட்டர் பின்னாடி ஒதுங்கிடுச்சு, வால் முழுக்க கிழிஞ்சு, சாப்பாட்டுக்குக் கூட கீழ வர விடல மத்தது, கடைசியில செத்தே போச்சு. கேட்டா "தண்ணி சரியில்ல"ன்னு ஒரே பதில்.

களியக்காவிளை கடைக்கார அண்ணன்கிட்ட இதச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, ரெண்டும் ஒரே சைஸாங்கிறதுதான். க்ளவுன் மீன் எல்லாமே ஆணாத்தான் வளர ஆரம்பிக்கும், கூட்டத்துல பெருசா, முரட்டுத்தனமா இருக்கிறது பெண்ணா மாறும், அதுக்கு அடுத்தது ஆணா இருந்து இனப்பெருக்கம் பண்ணும், மிச்சமெல்லாம் வளராம சின்னதாவே அடங்கி நிக்கும். பெண் செத்தா அந்த ஆண் பெண்ணா மாறிடும். ஆனா பெண்ணா மாறினது திரும்ப ஆணா மாறவே மாறாது. 1977லயே ஃப்ரிக்கேங்கிற ஆராய்ச்சியாளர்கள் நேச்சர் இதழ்ல இதப்பத்தி எழுதியிருக்காங்க, அடிச்சு அடக்கி வைக்கிறதாலதான் கீழ உள்ளது பெண்ணா மாறாம நிக்குதுன்னு. அப்போ ஏற்கெனவே பெண்ணா மாறின ரெண்ட ஒரே டேங்க்ல விட்டா என்ன நடக்கும்? ஒண்ணு சாகுற வரைக்கும் சண்டைதான். எனக்கு கொடுத்தது அப்படி ரெண்டு பெண்ணாத்தான் இருந்திருக்கணும்.

இங்க என்ன பண்றாருன்னா, சுவத்த ஒட்டி வரிசையா சின்ன சின்ன டேங்க், ஒவ்வொண்ணுலயும் ஒரு மண்சட்டி சாச்சு வச்சிருக்கு, பெருசு ஒண்ணு அதுல பாதி சைஸ்ல சின்னது ஒண்ணு. முதல்ல நடுவுல ஓட்டை போட்ட தடுப்பு வச்சு ஒண்ணையொண்ணு பாக்க விடுறாரு, பிறகுதான் தடுப்ப எடுக்காரு. எடுத்த உடனே விக்கிறது இல்ல, ராத்திரி ரெண்டும் ஒரே சட்டிக்குள்ள படுக்கிற வரைக்கும் அந்த டேங்க்ல "விற்பனைக்கு இல்லை"ன்னு சீட்டு ஒட்டியிருக்கு. நான் போனப்ப ஒரு டேங்க காட்டி "பாரு மக்ளே, சின்னவன் என்ன செய்யான்னு நல்லா பாரு"ன்னாரு. பெருசு கிட்ட வந்து முட்டுற மாதிரி நின்னுச்சு, சின்னது அப்படியே ஒருக்களிச்சு சாஞ்சு, உடம்பு முழுக்க வெடவெடன்னு நடுங்குச்சு, ஒரு ரெண்டு செகண்டு இருக்கும். பெருசு திரும்பிப் போயிடுச்சு. "உனக்கு நான் அடங்கிட்டேன்"னு சின்னது சொல்ற விதம் அது. இந்த நடுக்கம் இருந்தா ஜோடி சேரும், திருப்பி முட்டிச்சுன்னா உடனே பிரிச்சிடணும்னு சொன்னாரு. வேற எந்தக் கடையிலயும் இவ்வளவு நேரம் நின்னு யாரும் எனக்கு காட்டினது இல்ல.

ஜோடி 2,400 ரூபாய். தனித்தனியா ரெண்டு வாங்குறத விட கூடத்தான், ஆனா நான் பாத்த வரைக்கும் குடுக்கலாம். எல்லாம் பண்ணையில பொரிச்ச குஞ்சு, கடல்ல புடிச்சது இல்ல. விழிஞத்துலயும் மண்டபத்துலயும் சிஎம்எஃப்ஆர்ஐக்காரங்க (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) க்ளவுன் குஞ்சு பொரிக்கிற முறைய உருவாக்கி ஆளுகளுக்கு சொல்லியும் கொடுத்ததால இப்ப நம்ம ஊர்லயே கிடைக்குது. கவர் மேல தண்ணியோட உப்பு அளவு (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) 1.020ன்னு மார்க்கர்ல எழுதிக் கொடுத்தாரு, என் டேங்க் 1.025, அதனால சொட்டு சொட்டா தண்ணி விட்டு பழக்கிட்டுத்தான் உள்ள விட்டேன். எழுதாம கொடுத்திருந்தா எனக்கு எப்படி தெரியும்?

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வாறேன். ஜோடி நல்லா செட் ஆகி சில மாசம் கழிச்சு பெண் மீன் திடீர்னு பேய் பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. கண்ணாடி துடைக்க கைய விட்டா விரல் இடுக்குல வந்து கடிக்குது, ரத்தமெல்லாம் வராது, ஆனா சுள்ளுன்னு இருக்கும். டேங்க்ல கூட இருந்த மஞ்சவால் டாம்சல்ங்கிற இன்னொரு சின்ன மீன ஒரு மூலையில தள்ளி நகர விடல. கிட்ட காத வச்சா டொக் டொக்னு ஒரு சத்தம், தாடைய வேகமா மூடும்போது பல்லு இடிச்சு வர்ற சத்தமாம் அது. போன் பண்ணினேன். அண்ணன் "சட்டிய ரெண்டும் சேந்து கடிச்சு கடிச்சு சுத்தம் பண்ணுதா?"ன்னு கேட்டாரு. ஆமா, ஒரு ரூபா காசு அளவுக்கு பாசி எல்லாம் போயி பளிச்சுன்னு இருந்துச்சு. "அப்போ முட்டை வருது, டாம்சல கொண்டு வா"ன்னாரு. கொண்டு போனேன், எடுத்துக்கிட்டு அதுக்கு பதிலா தீவனம் கொடுத்தாரு. வித்த மீன் சண்டை போடுதுன்னு சொன்னா தட்டிக் கழிக்காம, ஏன் சண்டை போடுதுன்னு கேக்குற ஒரு கடைக்காரர்.

சொன்ன மாதிரியே ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல சட்டி ஓரத்துல ஆரஞ்சு கலர்ல முட்டை. ஆண் மீன்தான் முக்கால்வாசி வேலை பாக்குது, நெஞ்சுத் துடுப்ப விசிறி மாதிரி ஆட்டிக்கிட்டே இருக்கும், கெட்டுப்போன முட்டைய வாயால எடுத்துப் போட்டுரும். பெண் வெளிய காவல். முதல் தடவ முட்டைய அதுங்களே தின்னுட்டுது, அது சகஜமாம், புது ஜோடிங்க அப்படித்தான் பண்ணும். அடுத்த தடவ நின்னுச்சு, நாள் போகப் போக முட்டை கறுத்து, கடைசியில குட்டி குட்டியா வெள்ளிக் கண்ணு தெரிஞ்சுது, ஏழெட்டு நாள்ல லைட் அணைச்சதுக்கு அப்புறம் இருட்டுல பொரியுது. குஞ்சுக்கு தீனியா ரோட்டிஃபர்ங்கிற கண்ணுக்குத் தெரியாத குட்டி உயிரி வேணும், அதுக்கு தீனியா நுண்ணிய பாசி வளர்த்த பச்சை நிறத் தண்ணி வேணும், அதையும் இங்கயே பாட்டில்ல விக்காரு. எனக்கு தனி டேங்க் வைக்க இடம் இல்ல, அதனால குஞ்சு வளர்க்கிறதப்பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

கொறைன்னா, உப்பு பாக்கெட் விலை ஆன்லைன விட கூட. சந்துக்குள்ள கார் போகாது, மெயின் ரோட்டுலயே விட்டுட்டு நடக்கணும். ஞாயித்துக்கிழமை போன் எடுக்கவே மாட்டாரு, அவசரம்னா கஷ்டம்தான். பவளம் கேட்டா இல்லைன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிருவாரு, அது கொறை இல்ல, பவளப்பாறை வன உயிரினச் சட்டத்துல முதல் அட்டவணையில புலியோட சேர்ந்து இருக்கு, நம்ம கடல்ல இருந்து எடுத்து விக்கிறவங்க கிட்ட தயவு செஞ்சு வாங்காதீங்க. கடல்ல க்ளவுன் மீன் ஒளிஞ்சு வாழுற ஆனிமோனும் (கடல் சாமந்தி) வேண்டாம்னாரு, மண்சட்டி போதும், என் ஜோடி சட்டியிலதான் இருக்கு.

மரூன் க்ளவுன்ங்கிற இன்னொரு வகையில ஜோடி கேட்டு போறவங்க டேங்க்க போட்டோ எடுத்துட்டு போங்க. அதுல பெண் ஆண விட ரொம்ப பெருசு, கன்னத்துல முள்ளு வேற, கோபமும் ஓசலாரிஸ விட பல மடங்கு. மூணு அடிக்கு கொறஞ்ச டேங்க்னா எவ்வளவு காசு கொடுத்தாலும் தர மாட்டாரு, என் கண்ணு முன்னாடியே ஒருத்தர திருப்பி அனுப்பினாரு.