கோழிக்கு எந்தக் கிருமி நல்லது?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் 40 நாட்டுக்கோழி வளர்க்கிறேன். போன மழையில் நாலைந்து கோழிகள் அலகைப் பிளந்துகொண்டு மூச்சுக்குத் திணறின. தொண்டையில் கர் கர் என்று சத்தம். அதற்கப்புறம்தான் தீவனக் கடையில் விற்கும் இரண்டு வகை புரோபயாட்டிக்கையும், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் கிருமித் தூளை, ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்று லாக்டோபேசில்லஸ், இன்னொன்று பேசில்லஸ் சப்டிலிஸ்.

கோழிக்கழிச்சல் என்ற வைரஸ் நோய்க்குத் தடுப்பு மருந்துதான், அதில் பேச்சே இல்லை. கண்ணில் சொட்டு விடுவதை நான் நிறுத்தவில்லை.

ஆராய்ச்சியில் பேர் வாங்கியது லாக்டோபேசில்லஸ். 2011இல் வந்த அமெரிக்க ஆய்வில் சுண்டெலிகளின் மூக்கில் அதை விட்டு, பிறகு எலியைக் கொல்லும் நிமோனியா வைரஸைக் கொடுத்தார்கள், எலிகள் பிழைத்தன. சூட்டில் கொன்ற கிருமிகூடக் காப்பாற்றியது. சரி, ஆனால் அது மூக்கில் விட்டது. நம் கோழி தண்ணீரோடு விழுங்குகிறது. குடலுக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் கொடுத்த காசுக்கு அர்த்தம்.

அங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வந்தது. லாக்டோபேசில்லஸ் பொட்டலத்தை ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். "மீன் வைக்கிற இடத்தில் கோழி மருந்தா?" என்று வீட்டுக்காரி ஒருநாள் எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டாள். சாயங்காலம் பார்த்தால் பொட்டலம் கைக்குச் சுட்டது. அதில் எத்தனை உயிர் மிச்சம் இருந்ததோ! பைப் தண்ணீரில் குளோரின் வேறு. முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைக்கணும். தூளைக் கலக்கினால் அன்றைக்கே தீர்க்கணும். இரண்டாவது வாரமே எனக்கு அலுத்துவிட்டது.

பேசில்லஸ் சப்டிலிஸுக்கு இந்தப் பாடு இல்லை. அது கெட்டியான உறைக்குள் வித்துபோல் உறங்கும். ஆலையில் தீவனத்தை ஆவியில் சூடாக்கி உருண்டை பிடிக்கும்போதும் பெரும்பாலும் தாங்கிவிடும். பழைய மைலோ டின்னில் போட்டுக் கூட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். காலையில் தீவனத்தில் பிசறினால் வேலை முடிந்தது. இதே சூட்டுத் தொல்லைக்காகத்தான் செர்டாங் யூபிஎம் பல்கலைக்கழக ஆட்களும் 1980களில் சூடு தாங்கும் வி4 என்ற கழிச்சல் தடுப்பு மருந்தைத் தீவனத்திலேயே கலந்து கொடுக்க வழி கண்டார்கள்.

பேசில்லஸ் வைரஸைத் தடுத்ததா என்று கேட்டால், சத்தியம் பண்ண மாட்டேன். ஒரு தடவைக் குஞ்சுகள்தான் வளர்த்திருக்கிறேன், இந்த வருஷம் மழையும் கம்மி. எச்சம் இறுகியது, கூட்டில் நாற்றம் குறைந்தது. அவ்வளவுதான் கண்ணால் கண்டது. இப்போது அடையில் இருக்கும் முட்டைகள் பொரித்ததும் பாதிக் குஞ்சுகளை பேசில்லஸ் இல்லாமல் தனிக்கூட்டில் விடப் போகிறேன்.