ஈயமில்லாத் தோட்டாக்கள்: வடதுருவ வேட்டைக்கு எது தேறும், எது தேறாது

கியூபெக்கின் வடகோடியில் உள்ள நுனாவிக்கில் தொழிற்சாலை கிடையாது, நெடுஞ்சாலை நெரிசலும் கிடையாது. ஆனாலும் அங்கே பிறந்த இன்யூட் பூர்வகுடிக் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஈயம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று ஐசோடோப்பு விகிதங்களை (ஈய அணுவின் வெவ்வேறு எடை வகைகள் கலந்திருக்கும் அளவை) வைத்துத் தேடியபோது வேட்டைத் தோட்டாவின் ஈயத்தோடு ஒத்துப்போனது. ஜேம்ஸ் வளைகுடாவின் மேற்குக் கரையில் வாழும் பூர்வகுடிகளிடம் நடந்த ஆய்விலும் அதே விடைதான். வாத்தோடு சேர்த்து விழுங்கிய ரவைகள் (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோகக் குண்டுகள்) குடலில் தங்கி எக்ஸ்ரேயில் தெரிந்ததும் உண்டு.

கிரீன்லாந்து அளவீடு இதைவிடக் கடுமையானது. ஈய ரவையால் சுடப்பட்ட ஈடர் வாத்தின் நெஞ்சுக்கறியில் சராசரியாகக் கிராமுக்கு 6.1 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. வலையில் சிக்கி மூழ்கிச் செத்த ஈடரில் இருந்தது 0.14 மட்டுமே. வீட்டுக்கோழிக் கறிக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் உச்சவரம்பு 0.1. ஒரு வேளைக்கு 200 கிராம் ஈடர் கறி என்று வைத்துக்கொண்டால் ஒரு மில்லிகிராமுக்கும் மேல் ஈயம் தட்டில் விழுகிறது. ரவைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். எலும்பில் மோதும் ஈயம் கண்ணுக்குத் தெரியாத துகளாக உதிர்ந்து சதைக்குள் போய்விடுகிறது.

வேட்டைக்கறியை விடச் சொல்வது தீர்வே அல்ல. விமானத்தில் வந்திறங்கும் கடைக்கறியின் விலை அங்குள்ள பல குடும்பங்களுக்கு எட்டாது. சத்திலும் அது கரிபூ என்கிற வடதுருவ மானுக்கும் சீல் என்கிற கடல்நாய்க்கும் ஈடாகாது. மாற்ற வேண்டியது தோட்டாவைத்தான். அதனால் கடையில் கிடைக்கும் மாற்றுகளை வடக்கின் குளிர், பழைய துப்பாக்கி, சரக்குக் கப்பல் மூன்றையும் மனத்தில் வைத்து இங்கே எடைபோடுகிறோம்.

முதலில் இரும்பு ரவை. பறவை வேட்டைக்கு இதை முழு மனதோடு பரிந்துரைக்கலாம். ஈயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 11.3 கிராம், இரும்பின் அடர்த்தி 7.9. எடை குறைந்ததால் இரும்பு சீக்கிரம் வேகத்தை இழக்கும். அதை ஈடுகட்ட இரண்டு அளவு பெரிய ரவையாக வாங்க வேண்டும். ஈயத்தில் 4-ஆம் எண் (3.3 மி.மீ.) சுட்டவர் இரும்பில் 2-ஆம் எண் (3.8 மி.மீ.) எடுக்கட்டும். ஓர் அவுன்சில் முன்னது 135 ரவை, பின்னது 125. எண்ணிக்கையில் பெரிய இழப்பில்லை. கனடா வாத்து போன்ற பெரிய பறவைக்கு 'பி.பி.' (4.6 மி.மீ.) சரியாக இருக்கும். தூரம் 35 மீட்டருக்குள் இருக்கட்டும். 'இரும்பு பறவையைக் காயப்படுத்துகிறதே தவிரக் கொல்வதில்லை' என்ற புகார் பெரும்பாலும் பழைய ரவை எண்ணையே வாங்கி, பழைய தூரத்திலேயே சுடுவதால் வருவது.

துப்பாக்கிக் குழாயைக் கவனிக்காமல் இரும்புக்கு மாறக் கூடாது. ஈயம் நசுங்கிக் கொடுக்கும், இரும்பு கொடுக்காது. வாயை நன்றாகக் குறுக்கும் 'ஃபுல்' சோக் உள்ள பழைய குழாயில் பெரிய இரும்பு ரவையைச் சுட்டால் சோக் இருக்கும் இடத்தில் குழாய் வளையம்போலப் புடைத்துவிடும். அதைவிடக் குறைவாகக் குறுக்கும் 'மாடிஃபைட்' அல்லது 'இம்ப்ரூவ்டு சிலிண்டர்' சோக் போதும். இரும்பு சிதறாமல் நெருங்கிப் போவதால் மாடிஃபைடே ஃபுல் போல வேலை செய்யும். முறுக்கிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழாய்க்கு இரும்பு கூடவே கூடாது. தோட்டா வாங்குமுன் குழாயில் பொறித்திருக்கும் அறை நீளத்தையும் (தோட்டா உட்காரும் இடத்தின் நீளம்) படியுங்கள். 70 மி.மீ. அறையில் 76 மி.மீ. தோட்டா நுழைந்துவிடும். நுழைகிறது என்பதற்காகச் சுட்டால் அழுத்தம் எகிறும்.

இரும்பின் இன்னொரு குறை துரு. ஈரமான படகிலோ கூடாரத்திலோ கிடக்கும் தோட்டாவுக்குள் தண்ணீர் இறங்கினால் ரவைகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கட்டி ஒரே குண்டாகப் பறக்கும், குழாயையும் கெடுக்கும். காதருகே குலுக்கிப் பாருங்கள். முன்பு சலசலத்த தோட்டா இப்போது சத்தமே தராவிட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

பெட்டி மாறிப்போன உதிரித் தோட்டாவில் இருப்பது எதுவென்று சந்தேகம் வந்தால் காந்தம் உதவும். ரவை இருக்கும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் ஈயமாகவும் இருக்கலாம், பிஸ்மத்தாகவும் இருக்கலாம்.

பிஸ்மத்தின் அடர்த்தி 9.6-க்குச் சற்று மேல். நசுங்கிக் கொடுப்பதால் பழைய துப்பாக்கிக்கு அதுவே பாதுகாப்பு. விலை மட்டும் பல மடங்கு. தாத்தாவின் துப்பாக்கியை விட மனமில்லாதவர் வாங்கலாம், ஊர் முழுக்க வாங்க முடியாது.

பெரிய விலங்கைச் சுடும் ரைஃபிளுக்குச் செம்புத் தோட்டா. பார்ன்ஸ் நிறுவனம் முழுச் செம்புத் தோட்டாவை 1989-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது, இப்போது பலரும் செய்கிறார்கள். உள்ளே ஈயம் வைத்து மேலே செம்புத் தகடு போர்த்திய வழக்கமான தோட்டா, கரிபூவின் விலா எலும்பில் பட்டதும் எடையில் கணிசமான பங்கைத் துகளாக இழக்கும். அந்தத் துகள் காயத்திலிருந்து 15 செ.மீ. தள்ளியும் கிடக்கும். செம்பு பூப்போல விரியும், உடையாது. ஏறக்குறைய முழு எடையோடு மறுபக்கம் வெளியேறும். கொல்லும் திறனில் குறையே இல்லை.

செம்பு லேசானது என்பதால் அதே எடைக்குத் தோட்டா நீண்டுவிடும். எனவே ஒரு படி எடை குறைத்து வாங்குங்கள். .30-06 அளவுத் துப்பாக்கியில் 180 கிரெயின் (தோட்டா எடையின் அலகு, ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) ஈயம் சுட்டவருக்கு 150 அல்லது 165 போதும். .303-க்கு 150. வடக்கில் பரவலாக இருக்கும் .223-இல்தான் தவறு நடக்கிறது. தோட்டாவைச் சுழற்றிவிடும் உட்பள்ளம் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குள்ள பழைய குழாய், 62 கிரெயின் செம்பை நிலையாகச் சுழற்றாது. தோட்டா தடுமாறிப் பக்கவாட்டில் போய் விழும். அந்தக் குழாய்க்கு 45 அல்லது 50 கிரெயின், 9 அங்குல முறுக்கு இருந்தால் 62.

செம்பு விரிவதற்கு, படும்போது வினாடிக்குச் சுமார் 550 மீட்டர் வேகம் வேண்டும். அதற்குக் கீழே வெறும் ஊசியாகத் துளைத்துப் போய்விடும், விலங்கு ஓடிவிடும். மைனஸ் 30 டிகிரியில் வெடிமருந்தும் மந்தமாகி வேகம் குறையும். .223-க்கு 200 மீட்டரைத் தாண்டாதீர்கள். .30-30-க்கு 100 மீட்டர், அதிலும் நெம்புகோலால் தோட்டா ஏற்றும் லீவர் துப்பாக்கிக்கென்றே அகன்ற குழிமுனையோடு வரும் செம்புத் தோட்டாவாக இருக்க வேண்டும்.

.22 ரிம்ஃபயர் என்கிற சிறு தோட்டாத் துப்பாக்கிக்குத்தான் நல்ல பதில் இன்னும் வரவில்லை, இதுதான் பெரிய வருத்தம். டார்மிகன் என்கிற பனிநிலக் கௌதாரிக்கும் முயலுக்கும் வடக்கில் வீடுதோறும் இருப்பது அந்தத் துப்பாக்கிதான், சிறுவர்கள் பழகுவதும் அதில்தான். வழக்கமான ஈயத் தோட்டா 40 கிரெயின், ஈயமில்லாதது 21. ஆரம்ப வேகம் அதிகம் என்றாலும் 50 மீட்டருக்குள் அது கரைந்துவிடும். குழிகளின் பரவல் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறுகிறது. 25 மீட்டரில் சுட்டுப் பார்த்து, ஐந்து குழியும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கினால் மட்டும் வேட்டைக்கு எடுங்கள். இல்லையென்றால் ஈயத் தோட்டாவாலேயே தலையில் மட்டும் சுட்டு, தலையையும் கழுத்தையும் எறிந்துவிடுவது நல்லது.

இன்னும் ஈயத்தையே சுடுபவர்கள் காயத்தைச் சுற்றி 15 செ.மீ. வெட்டி எறியட்டும். இரத்தம் கட்டிய கறியைக் கொத்துக்கறியில் சேர்க்க வேண்டாம், அரவை இயந்திரம் துகளை முழுக் குவியலிலும் பரப்பிவிடும். வினிகரோ எலுமிச்சையோ ஊற்றி ஊறவைத்தால் புளிப்பில் ஈயம் கரைந்து உடலில் எளிதாகச் சேரும். வெட்டி எறிந்ததை நாய்க்கும் போடாதீர்கள். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் ஈயம் பட்ட கறி வேண்டவே வேண்டாம். குழந்தை இரத்தத்துக்கு அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021-இல் வைத்த எச்சரிக்கை அளவு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம். அதற்குக் கீழே இருந்தால் தீங்கில்லை என்று அர்த்தமல்ல.

பெரும்பாலான வலசைப் பறவைகளின் வேட்டையில் ஈய ரவைக்குக் கனடா 1999-இல் நாடு முழுக்கத் தடை போட்டது. நுனாவிக் பெரியவர்களின் இரத்த ஈயம் 1992-க்கும் 2004-க்கும் இடையில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் அந்தத் தடை டார்மிகனுக்கும் முயலுக்கும் பொருந்தாது. அதனால் ஈயப் பெட்டியும் இரும்புப் பெட்டியும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. அலமாரியில் என்ன இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது கோடைக் கப்பலுக்கு அனுப்பும் சரக்குப் பட்டியல்தான். கடை நடத்துபவர் அதில் 2-ஆம் எண், பி.பி. இரண்டையும் 70 மி.மீ. நீளத்தில் எழுதட்டும். செம்புத் தோட்டாவை ஒரு துப்பாக்கிக்கு இரண்டு பெட்டி என்று கணக்கிடட்டும். ஈயத்துக்குக் குறிவைத்த தொலைநோக்கி செம்புக்குப் பொருந்தாது. குழாயைப் பழைய படிவு போகச் சுத்தம் செய்து, 100 மீட்டரில் மீண்டும் குறி சரிபார்க்கவே முதல் பெட்டியில் பாதி செலவாகிவிடும்.